பெண்ணின் ரோமமும் லேசர் வியாபாரமும்

திருச்சி தென்னூரிலிருந்து சாஸ்திரி ரோடு வழியாகத் தில்லைநகருக்கு நடந்து போகின்றவர்கள் கண்ணில் தோல் வைத்தியசாலைகளின் போர்டுகளும் அழகு நிலையங்களின் போர்டுகளும் வரிசையாகப் படும் என்பதை அவ்வூர்க்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் பலவற்றில் லேசர் என்கின்ற வார்த்தை இருக்கும். அதன் பக்கத்தில் தேவையற்ற ரோமம் நீக்கப்படும் என்கின்ற வாசகமும், பளிங்குக் கல்லைப் போன்ற கன்னமும் காலும் உடைய ஒரு பெண்ணின் படமும் இருக்கும். இவைகளைப் பார்த்துவிட்டு விலை என்ன என்று கேட்கின்றவர்கள் அநேகர். தேவையற்றது என்று தீர்மானித்தவர் யார் என்று கேட்பாரைத்தான் காணோம். அந்தக் கேள்வியையே நாம் இங்கு கேட்கப் போகின்றோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். லேசர் கருவியின் மீது நமக்கு யாதொரு விரோதமும் இல்லை. அது மந்திரமும் அல்ல, மாயமும் அல்ல. மனித அறிவு கண்டுபிடித்த வெளிச்சம். 1960இல் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் என்பவர் முதல் லேசரை உண்டாக்கினார். 1983இல் ஆண்டர்சன், பாரிஷ் என்கின்ற இரண்டு டாக்டர்கள், ஒரு குறிப்பிட்ட நிற வெளிச்சத்தை ஒரு நொடியின் சிறு பங்கு நேரத்திற்குப் பாய்ச்சினால், சுற்றியுள்ள சதையைக் கெடுக்காமல் உள்ளே இருக்கும் ஒரு பொருளை மட்டும் சுட்டுவிடலாம் என்று காட்டினார்கள். அந்தத் தத்துவத்தைக் கொண்டே 1990களின் நடுவில் ரோமம் நீக்கும் லேசர்கள் வந்தன.

இதன் சூக்ஷ்மம் வெகு சுலபமானது. சித்திரை வெயிலில் ஒருவர் வெள்ளை வேஷ்டியும், மற்றொருவர் கறுப்புத் துணியும் உடுத்திக்கொண்டு காவேரிப் பாலத்தைக் கடந்தால், யாருக்கு அதிகச் சூடு ஏறும்? கறுப்புத் துணிக்காரருக்குத்தான். அதுபோலவே ரோமத்திலுள்ள மெலனின் என்னும் கறுப்புச் சாயம் லேசர் வெளிச்சத்தை உறிஞ்சிச் சூடாகின்றது. அந்தச் சூடு வேருக்கு இறங்கி, ரோமத்தை முளைக்கச் செய்யும் இடத்தைச் சுடுகின்றது. இவ்வளவுதான் சங்கதி. இதில் அதிசயப்படுவதற்கு இடமுண்டு. ஆனால் ஏமாறுவதற்கு இடமில்லை.

இது நிற்க, வெட்கத்தைப் பற்றிப் பார்ப்போம்.

பெண்ணுக்கு ரோமம் இருந்தால் அவமானம் என்கின்ற எண்ணம் லேசர் கம்பெனிக்காரன் உண்டாக்கியதல்ல. அவன் அறுவடை செய்கின்றான். விதைத்தவர்கள் வேறு பேர். மனுதர்ம சாஸ்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். கலியாணத்திற்குப் பெண் எடுக்கக்கூடாத குடும்பங்களின் பட்டியலில், மூல வியாதிக் குடும்பத்தோடு உடம்பில் ரோமம் மிகுந்த குடும்பமும் சேர்க்கப்பட்டிருக்கின்றது. அடுத்த சுலோகத்திலேயே, ரோமம் அதிகம் உள்ள பெண்ணும் கூடாது, ரோமமே இல்லாத பெண்ணும் கூடாது என்று சொல்லப்பட்டிருக்கின்றது. அதாவது, மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பது போல, பெண்ணின் மேனியில் ரோமம் எண்ணிப் பார்க்கச் சொல்லுகின்றது சாஸ்திரம். தில்லைநகரில் பணம் கட்டி ஒரு ரோமம் விடாமல் எடுத்துக்கொண்டு வந்தாலும், இந்த மனுவின் கணக்குப்படி அவள் கலியாணத்திற்கு லாயக்கற்றவளே ஆகின்றாள்! இருந்தாலும் குற்றம், இல்லாவிட்டாலும் குற்றம் என்றால், குற்றம் ரோமத்தில் இல்லை, பெண்ணாய்ப் பிறந்ததில் என்பதுதானே அர்த்தம்?

சாமுத்திரிகா லட்சணம் என்று கடைத்தெருவில் விற்கும் புத்தகங்களோ, பெண்ணின் உடம்பிலுள்ள ரோமத்தைக் கொண்டு அவளுக்கும் அவள் புருஷனுக்கும் சேர்த்துப் பலன் சொல்லுகின்றன. புருஷன் நெஞ்சிலுள்ள ரோமத்தைக் கொண்டு பெண்சாதிக்கு ஆயுள் கணக்குப் பார்த்துக் கலியாணத்தை நிறுத்தினவர்களை நாம் கண்டதில்லை. ஆணுக்கு மீசை இருந்தால் வீரம். முறுக்கிவிட்டால் அதற்கு மேலும் கௌரவம். அதே இடத்தில் பெண்ணுக்கு நாலு பூனைமயிர் இருந்தால், பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, வீட்டிற்குப் போய் எழுதுகின்றோம் என்று எழுந்து போகின்றார்கள். இரண்டும் ஒரே மயிர், ஒரே வேர், ஒரே சாயம். பேதம் மயிரில் இல்லை. பார்க்கின்றவன் புத்தியில் இருக்கின்றது.

இந்தப் புத்தி தொட்டிலிலேயே ஊட்டப்படுகின்றது. பிறந்த குழந்தையின் மேல் இருக்கும் மெல்லிய ரோமம் சில வாரங்களில் தானாகவே உதிரக்கூடியது. அது ஆண் குழந்தைக்கும் உண்டு, பெண் குழந்தைக்கும் உண்டு. ஆனால் பெண் குழந்தையானால், பயத்தமாவையும் மஞ்சளையும் வைத்து, அது வீறிட்டு அழுதாலும் விடாமல் தேய்க்கின்றோம். பிறகு கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, குப்பைமேனி என்று வருஷம் முழுவதும் தேய்ப்பு. அந்தப் பெண் பெரியவளாகி லேசர் கடைக்குப் போகும்போது, "இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பகட்டு அதிகம்" என்று பேசுகின்றவர்களும் நாமேதான். இருபது வருஷம் வெட்கத்தைத் தேய்த்துவிட்டு, அது ஏன் ஒட்டிக்கொண்டது என்று கேட்பது என்ன நியாயம்?

பெண்ணின் மயிர் பெண்ணுக்குச் சொந்தமல்ல என்பதற்குக் காவேரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்தைப் பார்த்தாலும் போதும். வைணவத்தில் வடகலை, தென்கலை என்கின்ற இரண்டு கூட்டத்தாருக்கும் நாமம் போடுவதில் மட்டும்தான் சண்டை என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கின்றார்கள். அவர்களுக்குள் இருந்த பேதங்களில் ஒன்று, புருஷன் செத்த பெண்ணின் தலையை மொட்டையடிப்பதா, வேண்டாமா என்பது. வடகலையார் அடிக்க வேண்டும் என்றார்கள். தென்கலையார் கூடாது என்றார்கள். தலைமுறை தலைமுறையாக ஆண்கள் கூடி அந்தத் தலையைப் பற்றி வாதாடினார்களே ஒழிய, தலைக்குச் சொந்தக்காரியைக் கூப்பிட்டு, "அம்மா, உனக்கு என்ன இஷ்டம்?" என்று கேட்டதாகத் தெரியவில்லை. புருஷன் செத்தால் தலைமயிரை எடுத்து அவலட்சணமாக்குவது; புருஷன் கிடைப்பதற்கு மேல்மயிரை எடுத்து லட்சணமாக்குவது. இரண்டிலும் கத்தி வேறு, கூலி வேறு. ஆனால் உத்தரவு ஒன்றே.

பக்கத்திலுள்ள சமயபுரத்தில் மாரியம்மனுக்கு என்று தலைமயிரைக் கொடுக்கின்றார்கள். திருப்பதியில் அப்படிக் கொடுத்த மயிரைத் தேவஸ்தானத்தார் ஏலம் போட்டுப் பணமாக்குகின்றார்கள். அங்கே மயிரைக் கொடுத்தவனுக்குப் புண்ணியமாவது கிடைக்கும் என்று சொல்லி ஏமாற்றுகின்றார்கள். லேசர் கடையிலோ மயிரையும் கொடுத்து, பணத்தையும் நாமே கொடுத்து, வெட்கத்தை மட்டும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருகின்றோம்.

இந்த வெட்கத்தை வியாபாரமாக்கும் வித்தை மேல்நாட்டில் நன்றாகத் தேர்ந்தது. பெண்கள் கையில்லாத சட்டை போட ஆரம்பித்ததும், 1915இல் கிலெட் கம்பெனி பெண்களுக்கென்று ஒரு சவரக் கத்தியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் ஆணுக்கு மட்டும் விற்ற கத்தியை ஊரில் பாதிப்பேருக்கு மேல் விற்க வேண்டுமானால், மீதிப் பாதிப்பேருக்கு அக்குள் ஒரு அசிங்கம் என்று போதிக்க வேண்டியிருந்தது. அதைப் பத்திரிகை விளம்பரங்கள் செய்தன.

கத்தியோடு நின்றிருந்தால் பெரிய கேடில்லை. எக்ஸ்ரே கண்டுபிடித்த அடுத்த வருஷமான 1896இலேயே, வியன்னாவில் பிராயண்ட் என்கின்ற டாக்டர் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் முதுகிலிருந்த ரோமமச்சத்தின் மேல் அந்தக் கதிரைப் பாய்ச்சினார். ரோமம் உதிர்ந்தது, கூடவே முதுகில் புண்ணும் கண்டது. அதைக் கண்டு உலகம் எச்சரிக்கை அடைந்திருக்க வேண்டும். அப்படியிருக்க, 1920களில் அமெரிக்காவில் டிரைக்கோ என்கின்ற கம்பெனி, எக்ஸ்ரே பெட்டிகளை அழகு நிலையங்களில் வைத்து, வலியில்லை, காயமில்லை, ரோமம் போய்விடும் என்று விளம்பரம் செய்து, பெண்களின் கன்னத்திலும் தாடையிலும் அந்தக் கதிரைப் பாய்ச்சியது. 1929இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதைக் கண்டித்தது. ஆனால் கதிர் பட்டவர்களுக்கு வருஷங்கள் கழித்துத் தோல் சுருங்கி, புண்ணாகி, புற்றுநோயும் வந்தது. அதே காலத்தில் கொரெம்லு என்று ஒரு களிம்பு விற்றார்கள். அதில் இருந்தது தாலியம். எலியைக் கொல்லும் விஷம். மீசை ரோமம் போக வேண்டும் என்று தடவினவர்களுக்குத் தலைமயிர் போயிற்று; சிலருக்குக் கண்பார்வை கெட்டது, கால் விழுந்தது. 1932இல் அந்தக் கம்பெனி திவாலாயிற்று. அழகுச் சாமான்களுக்குச் சட்டக் கட்டுப்பாடு அந்த நாட்டில் வந்தது 1938இல்தான்.

இவ்வளவு படித்த தேசத்துப் பெண்கள் ஏன் இப்படிக் கதிருக்கும் விஷத்திற்கும் கன்னத்தைக் கொடுத்தார்கள்? ரோமத்தால் அவர்களுக்கு வலியா, காய்ச்சலா? ஒன்றுமில்லை. நாலு பேர் சிரிப்பார்களே என்கின்ற பயம் ஒன்றே. பயந்தவனிடம் எதையும் விற்கலாம் என்பதைப் புரோகிதனும் அறிவான், வியாபாரியும் அறிவான்.

நம் நாட்டிலும் 2024இல் ஒரு காரியம் நடந்தது. உத்தரப் பிரதேசத்தில் பத்தாம் வகுப்புப் பரீட்சையில் 600க்கு 591 மார்க்கு வாங்கி மாகாணத்திலேயே முதலாவதாக வந்தாள் ஒரு பெண். அவள் படத்தைப் பார்த்தவர்கள், அவள் தலைக்குள்ளே இருந்ததைப் பற்றிப் பேசாமல், உதட்டுக்கு மேலே இருந்ததைப் பற்றிக் கேலி செய்தார்கள். பிறகு சவரச் சாமான் விற்கும் கம்பெனி ஒன்று, அந்தப் பெண்ணுக்கு ஆதரவு சொல்லுவதுபோல் பத்திரிகையில் பெரிய விளம்பரம் கொடுத்துத் தன் பெயரையும் கீழே போட்டுக்கொண்டது! கேலி செய்தவனுக்கு அவள் மீசை வேடிக்கை. கம்பெனிக்காரனுக்கு அதுவே விளம்பரப் பலகை. 591 மார்க்கு வாங்கின பெண்ணுக்கே இந்தக் கதியென்றால், சாதாரணப் பெண்கள் கண்ணாடி முன் நின்று அழுவதில் என்ன ஆச்சரியம்?

"அப்படியானால் பெண்கள் லேசர் செய்துகொள்ளவே கூடாது என்கின்றீர்களா?" என்று சிலர் கேட்கலாம். நாம் அப்படிச் சொல்லவில்லை. உடம்பு யாருடையதோ அவருடைய இஷ்டமே சட்டம். ஆண் சவரம் செய்துகொள்ளும்போது யாரும் சாஸ்திரம் கேட்பதில்லை. பெண்ணுக்கும் அப்படியே இருக்கட்டும். முதுகுத்தண்டின் கீழே ரோமம் உள்ளே குத்திச் சீழ் வைத்துத் துன்பப்படுகின்றவர்களுக்கும், சவரம் செய்யும்போதெல்லாம் தாடை முழுதும் கொப்புளம் கிளம்புகின்ற ஆண்களுக்கும் லேசர் மெய்யான வைத்தியம். தாடி ரோமத்தால் தெருவில் ஏச்சும் அடியும் படுகின்ற திருநங்கைத் தோழர்களுக்கு அது தன்னைத் தானாகக் காணும் வழி. தானே விரும்பி, விஷயம் தெரிந்து, கடன்படாமல் ஒரு பெண் செய்துகொண்டால் அதில் நமக்கு ஆட்சேபணை ஏது? கலியாணத் தேதி வைத்துக்கொண்டு, வட்டிக்கு வாங்கி, மாப்பிள்ளை வீட்டார் வாய்க்குப் பயந்து, பெற்றவள் மகளை இழுத்துக்கொண்டு போகின்றாளே, அதைத்தான் கூடாது என்கின்றோம். இஷ்டம் வேறு, நிர்ப்பந்தம் வேறு.

விஷயம் தெரிந்து என்றோம். எனவே, போர்டில் எழுதாத சில சங்கதிகளை இங்கு எழுதுகின்றோம்.

முதலாவது, நிரந்தரம் என்கின்ற வார்த்தை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தக் கருவிகளுக்கு அனுமதித்திருப்பது நிரந்தரமாகக் குறைக்கும் என்கின்ற அளவுக்குத்தான். அடியோடு ஒழிக்கும் என்று அல்ல. ரோமங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வளருவதில்லை. சில வளரும், சில ஓய்ந்திருக்கும். வளரும் நிலையிலுள்ள வேரைத்தான் லேசர் சுடும். ஆகவே சில வார இடைவெளி விட்டு ஆறு, எட்டு தடவை போக வேண்டும். பிறகும் மெல்லிய ரோமம் திரும்ப வரலாம். அவ்வப்போது மறுபடியும் போக நேரலாம். நரைத்த ரோமத்தில் சாயம் இல்லாததால் லேசர் அதை ஒன்றும் செய்யாது. இதைச் சொல்லாமல் மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுகின்ற இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது, நமது நிறம். லேசருக்குச் சாதி தெரியாது. ஆனால் நிறம் தெரியும். ரோமத்திலுள்ள அதே சாயம் நம் கறுத்த தோலிலும் இருக்கின்றது. ஆரம்பத்தில் வந்த ரூபி லேசர் வெள்ளைத் தோலும் கறுத்த ரோமமும் உள்ளவர்களுக்கே பொருத்தமானது. அப்படிப்பட்டதை நம் கன்னத்தில் வைத்தால், ரோமம் எது, தோல் எது என்று அதற்குத் தெரியாமல் இரண்டையும் சுடும். கொப்புளமும் கறுப்புத் தழும்பும் வெள்ளைத் திட்டும் உண்டாகும். கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் அலை நீளமுள்ள என்.டி. யாக் என்கின்ற லேசரே அபாயம் குறைந்தது. ஆகவே என்ன லேசர், என் தோலுக்கு ஏற்றதா, முதலில் ஒரு சிறு இடத்தில் சோதித்துப் பார்ப்பீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். கண்ணுக்கு மூடி போடாமல் முகத்தில் லேசர் வைக்க வருகின்றவரை நம்பாதீர்கள். வெயிலில் வாடித் தோல் கறுத்திருக்கும்போது செய்துகொள்ளாதீர்கள். சிலருக்கு, முக்கியமாக முகத்தில், லேசர் பட்ட இடத்தைச் சுற்றி ரோமம் அதிகமாவதும் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது. ரோமம் சில சமயம் ஒரு வியாதியின் அறிகுறி. தாடையிலும் நெஞ்சிலும் கறுத்துத் தடித்த ரோமம், மாதவிலக்குத் தவறுதல், முகப்பரு ஆகிய இவைகள் சேர்ந்து வந்தால் சினைப்பையில் நீர்க்கட்டி என்று நாம் சொல்லும் பி.சி.ஓ.எஸ். ஆக இருக்கலாம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு இது உண்டென்றும், அவர்களில் நூற்றுக்கு 70 பேர் வரை தெரியாமலே இருக்கின்றார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கின்றது. இதைக் கவனிக்காமல் விட்டால் பிற்காலத்தில் சர்க்கரை வியாதி வரைக்கும் போகக்கூடும். திடீரென்று ரோமம் பெருகிக் குரலும் தடித்தால் தாமதமே கூடாது. இப்படிப்பட்ட பெண்ணுக்கு லேசர் மட்டும் வைத்து அனுப்புவது, தீப்பிடித்த வீட்டில் மணி அடிக்கின்றதே என்று மணியின் நாக்கை அறுப்பதற்குச் சமம். திருச்சி புத்தூரில் கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரி இருக்கின்றது. முதலில் அங்கே போய் டாக்டரிடம் காட்டுங்கள். வெட்கம் பெண்ணின் வாயை மூடுகின்றதே, அதனால் உயிருக்கும் கேடு என்று நாம் சொல்லுவது இதற்காகத்தான்.

நான்காவது, பணம் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சவரம் செய்தால் ரோமம் தடித்து வளரும் என்பது மூடநம்பிக்கை. மில்ட்ரெட் டிராட்டர் என்கின்ற அமெரிக்க அறிஞர் அம்மையார் 1928இலேயே சோதித்துப் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டார். வெட்டுப்பட்ட முனை மொட்டையாக இருப்பதால் கைக்குச் சொரசொரப்பாகத் தோன்றுகின்றதே ஒழிய வேறில்லை. ரோமம் வேண்டாம் என்று நினைக்கின்ற பெண்ணுக்குச் சில ரூபாய்க் கத்தி போதும். வேண்டும் என்று நினைக்கின்றவளுக்கு அதுவும் வேண்டாம்.

ஏமாந்தவர்களுக்கு வழியில்லாமலும் இல்லை. வைத்தியம் நடக்கும் இடங்கள் 1997ஆம் வருஷத்துத் தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் ஒழுங்குபடுத்தும் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பொய் விளம்பரம் செய்கின்றவர்களுக்கும், அதில் முகம் காட்டுகின்ற நட்சத்திரங்களுக்கும், 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. சுட்டுப் பொசுக்கிவிட்டு உங்கள் தோல் சரியில்லை என்று சொல்லி அனுப்பினால், அழுதுகொண்டு வீட்டில் உட்காராமல் நுகர்வோர் கமிஷனுக்குப் போங்கள். முகத்தைக் காட்ட வெட்கப்பட வேண்டியவர் சுட்டவரே.

தாய்மார்களே! உங்கள் மகள் கன்னத்தை உற்றுப் பார்க்கும் முன் அவள் புத்தகத்தை ஒரு தரம் பாருங்கள். லேசருக்கு என்று ஒதுக்கிய பணத்தை அவள் படிப்புக்கோ தொழிலுக்கோ கொடுத்துப் பாருங்கள். வாலிபத் தோழர்களே! பெண் பார்க்கப் போகும்போது ரோமம் எண்ணுகின்றவர்கள் யாராய் இருந்தாலும், உங்கள் தாயாராய் இருந்தாலும், அங்கேயே எழுந்து நின்று கண்டியுங்கள். கேலி செய்யும் சிநேகிதனுக்குச் சிரிப்பைக் கொடுக்காதீர்கள். இந்த வியாபாரத்தின் முதல் போட்டவன் நம்முடைய அந்தச் சிரிப்புத்தான். அது நின்றால், வெட்கத்தை விற்கின்ற போர்டுகளெல்லாம் தாமாகவே இறங்கிவிடும்; லேசர் வேண்டியவர்களுக்கு வேண்டிய வைத்தியமாக மட்டும் நின்றுவிடும்.

ஆகவே, ரோமத்தை வைத்துக்கொள்ளுவதும் எடுத்துவிடுவதும் அவரவர் சௌகரியம் என்றும், அதைக் கொண்டு ஒரு பெண்ணின் யோக்கியதையை அளப்பது மானமுள்ள மனிதர்கள் செய்யத்தக்க காரியமல்ல என்றும் தெரிவித்துக்கொண்டு, இன்றையிலிருந்து அவரவர் வீட்டில் அந்த அளவுகோலை முறித்துப் போட வேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகின்றோம்.